டவுன் பஸ்ஸில் ஏறிய ஆடு

லேமினேஷன் மெஷின் சூடேறும்போது கிளம்பும் வாசனை உனக்குப் பிடிக்கவே பிடிக்காது. "பிளாஸ்டிக் பைய கொளுத்தற மாதிரி இருக்குதுடி" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாய். ஆனால் உள்ளே போன தாள் பளபளவென்று மறுபக்கம் வந்து விழும்வரை மெஷினை விட்டு நகரவும் மாட்டாய். இன்று காலை யாருடைய ஆதார் அட்டைக்கோ அந்த மெஷினைப் போட்டேன். வாசனை வந்ததும் பழக்கதோஷத்தில் பக்கத்தில் திரும்பி, "கொஞ்சம் தள்ளி நில்லுடி" என்று சொல்லிவிட்டேன். ஆதார் அட்டைக்குச் சொந்தக்காரர், மீசை வைத்த பெரிய மனிதர், இரண்டடி தள்ளி நின்றார்.

அந்த நேரம் பார்த்து கடை வாசலில் ஆட்டோ வந்தது. நம் புத்தகம் வந்து இறங்கிவிட்டது. கட்டுக் கட்டாக, புது மை வாசனையோடு, பின்பக்கத்தில் விடை என்று ஒரு வரிகூட இல்லாமல். நாம் ஜெயித்துவிட்டோம். முடிவை முதலில் சொல்லக்கூடாது என்பார்கள். உனக்குப் பொறுமை கிடையாது என்பதால் சொல்லிவிட்டேன். எப்படி ஜெயித்தோம் என்பதை, மதியம் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த கையோடு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தவளக்குப்பம் ஜங்ஷனின் ஹாரன் சத்தமெல்லாம் இந்தத் தாளில் விழுகிறது. பொறுத்துக்கொள்.

பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ படித்து வாத்தியார் வேலைக்குப் போனாய், பாகூர் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்தாய். நான் பேனர் டிசைன் போட வந்தேன். காதணி விழா, மஞ்சள் நீராட்டு விழா, கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று ஊரில் எது நடந்தாலும் என் கம்ப்யூட்டரைத் தாண்டித்தான் நடக்கும். பேனர்காரிக்கு ஒரு தர்மம் உண்டு. காலியிடம் விடக்கூடாது. விட்டால் கஸ்டமர் சண்டைக்கு வருவார். ஒரு மூலையில் மாமன்மார் படம், இன்னொரு மூலையில் சித்தப்பா பிள்ளைகள், நடுவில் குழந்தை, குழந்தையைச் சுற்றிப் பூ, பூவைச் சுற்றி மின்னல். யார், எதற்கு, எங்கே, எப்போது என்று எல்லாவற்றுக்கும் பதில் எழுதி முடித்தால்தான் அது பேனர். அப்படிப்பட்டவளிடம் வந்துதான் நீ அந்தப் படத்தைக் கேட்டாய்.

"ஒரு வூடு வரைஞ்சு குடு. கதவு பாதி தொறந்து இருக்கணும். வாசல்ல ஒத்த செருப்பு."

"உள்ள யாரு?"

"தெர்ல."

"தெரியாம எப்டிடி வரையறது?"

"தெரியாததாலதான்டி வரையணும். பசங்க சொல்லட்டும்."

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னலில் ஒரு பாப்பாவை எட்டிப் பார்க்க வைத்தேன். அழிக்கச் சொன்னாய். செருப்பின் இன்னொரு காலை வைக்கோல் போருக்குப் பின்னால் தெரிந்தும் தெரியாமலும் வைத்தேன். அதையும் கண்டுபிடித்தாய். வாசலில் ஒரு கோலம் போட்டேன், போனால் போகிறது என்று விட்டாய். எல்லாம் முடிந்ததும் படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாய்: "நீ இன்னா நெனைக்கற? உள்ள யாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் பேனர் போடறவ. சொன்னத போடுவேன்" என்றேன். நீ சிரித்தாய். ஒவ்வொரு படத்துக்கும் கேட்டாய், ஒவ்வொரு படத்துக்கும் இதையே சொன்னேன்.

அப்படித்தான் நம் முதல் புத்தகம் ஆனது. பாதி திறந்த கதவு. ஏரி நடுவில் தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குடை. அடுப்பில் மூடி குதிக்கிற ஒரு பானை. டவுன் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில், வாயில் டிக்கெட்டைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆடு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே ஒரு கேள்வி. உள்ளே யார்? அடியில் என்ன? என்ன வேகிறது? ஆடு எங்கே போகிறது? என் கடை பிரின்டரில் எடுத்து, குழந்தைகள் கிழிக்காமல் இருக்க லேமினேஷன் போட்டு, ஸ்பைரல் மாட்டி உன் ஸ்கூட்டி பெட்டியில் வைத்து அனுப்பினேன். அந்த நீல ஸ்கூட்டி. பிரேக் பிடித்தால் ஊருக்கே தெரியும்.

அந்த வாரம் முழுக்க நீ இன்டர்வெல் விட்டதும் எனக்குப் போன் போட்டதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஹலோகூடக் கிடையாது. "பானைல மழை வேவுதாம்டி" என்பாய், வைத்துவிடுவாய். மறுநாள், "மழ பேஞ்சா மீனு நனையுமாம். அதுக்குத்தான் கொடையாம்." யாழினி என்று ஒரு பெண், ஒன்றாம் வகுப்பு, ஒரு வார்த்தை பேச வைக்க உன்னைத் தலைகீழாக நிற்க வைத்தவள், அவள் சொன்னதை நீ இரண்டு தடவை போன் செய்து சொன்னாய். "ஆடு அவங்க அம்மா வூட்டுக்கு போவுது. தீவாளிக்கு போவல இல்ல, அதான்."

நான் கடையில் ஒரு வளைகாப்பு பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மௌஸை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த ஆட்டையே பார்த்தேன். தீபாவளிக்குப் போகாத ஆடு. வரைந்தவள் நான்தான், எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

சந்தோஷம் நெடுநாள் நிற்கவில்லை. குழந்தைகள் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போனதும் அம்மாக்கள் என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அட்டையின் உள்பக்கம் கடை பெயரைப் போட்டது நான் தேடிக்கொண்ட வினை. "அக்கா, இதுக்கு ஆன்சர் பேப்பர் தனியா குடுப்பீங்களா?" "கேள்வி மட்டும் இருக்குது, பதில் பக்கம் கிழிஞ்சிட்ச்சா?" ஒருத்தி பைண்டிங் சரியில்லை என்று திட்டிவிட்டே போனாள். பதில் கிடையாதம்மா, பிள்ளை என்ன சொல்கிறதோ அதுதான் என்றால், ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

பிறகு செல்வியக்கா வந்தார். உங்கள் பள்ளிக்கூடத்துத் தெருவிலேயே வீட்டில் ட்யூஷன் எடுக்கிறவர். கையெழுத்து அச்சு வார்த்தாற்போல் இருக்கும், கோடு போடாத தாளில்கூட வரி சாயாது. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். தலைப்பு: படப் புத்தகம், வினா விடை. எல்லாக் குழந்தைகளுக்கும் ஜெராக்ஸ் வேண்டுமென்றார்.

"பசங்க முழிக்குதுங்கம்மா. அம்மாங்க எங்கிட்டதான வர்றாங்க. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல கேட்டா இன்னா சொல்லும்ங்க?"

நான் படித்துப் பார்த்தேன். உள்ளே தாத்தா இருக்கிறார். அடியில் மீன் இருக்கிறது. பானையில் சோறு வேகிறது. ஆடு சந்தைக்குச் செல்கிறது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனாலும் கடை கடைதான், கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். அவர் தலை மறைந்ததும் உனக்குப் போன் செய்து, "நம்ம புக்குக்கு கைடு போட்டுட்டாங்கடி" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "நம்ம புக்கு அவ்ளோ பெரிய புக்கு ஆயிட்ச்சா?" என்றாய்.

மறுநாள் சாயங்காலம் நீ கடைக்கு வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாய். நான் டீ சொன்னேன், ஆடை கட்டும்வரை தொடவில்லை. வகுப்பில் ஆட்டுப் படத்தைக் காட்டினாயாம். எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, "ஆடு சந்தைக்குச் செல்கிறது" என்று ஒரே குரலில் சொன்னார்களாம். யாழினியிடம் குனிந்து தனியாகக் கேட்டாயாம், அம்மா வூட்டுக்கு இல்லையா என்று.

"அது தப்பு டீச்சர்னு சொல்லுதுடி."

அதைச் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. சந்தைக்குப் போகிற ஆட்டை என்ன செய்வார்கள் என்று அந்த ஊர்க் குழந்தைக்குத் தெரியாதா? தெரிந்தேதான் அதை அம்மா வீட்டிலிருந்து இறக்கி சந்தைக்கு ஏற்றிவிட்டிருக்கிறாள், அதுதான் சரியான விடை என்று பெரியவர்கள் சொன்னதால்.

நான் செல்வியக்காவை நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். நீ என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். "அவங்க மேல இன்னாடி தப்பு? நம்மள இதுவரிக்கும் யாருனா அவங்களுக்கு தெரியாதத கேட்டிருக்காங்களா? தெரிஞ்சத மட்டும்தான் கேட்டாங்க. சொல்லலன்னா அடிச்சாங்க." டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, ஜங்ஷனில் தொங்கிய பேனர்களை வெறித்துக்கொண்டு நின்றாய்.

இங்கேதான் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதப்போகிறேன். ஏனென்றால் அடுத்த யோசனை என்னுடையது. நீ பிற்பாடு எல்லாரிடமும் "நாங்க ரெண்டு பேரும் யோசிச்சோம்" என்று சொல்லித் திரிந்தாய். இல்லை. நான்தான் சொன்னேன்: "அப்ப பெருசுங்கள கேப்போம்."

"மீட்டிங் போட்டா வர மாட்டாங்கடி."

"மீட்டிங் எதுக்கு? என் கைல இன்னா தொழிலு இருக்குது?"

பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பஸ் ஸ்டாப் ஓரத்தில், யாருடைய காதணி விழாவுக்கோ நட்ட சவுக்குக் கட்டைச் சட்டம் பேனர் கழற்றி வெறுமனே நின்றிருந்தது. அந்த அளவுக்கு ஆட்டைப் பெரிதாக்கினேன். வில்லியனூரில் பிரின்ட் எடுத்தோம். மெஷின் பையன் கீழே பெயர் விட்டுப்போச்சு என்று மூன்று முறை போன் செய்தான். எங்கேயும் பெயர் கிடையாது, மாமன் படம் கிடையாது, வாழ்த்தும் நல்லுள்ளங்கள் கிடையாது. பஸ், ஜன்னல், டிக்கெட் கவ்விய ஆடு. கீழே, "எங்க போவுது?" பேச்சு வழக்கில்தான் எழுதவேண்டும் என்று நீ அடம்பிடித்தாய். என் பேனர் வாழ்க்கையில் அவ்வளவு காலியிடம் விட்டது அதுதான் முதல் தடவை. கட்டி முடித்துவிட்டுத் திருடிகள் மாதிரி பள்ளிக்கூடச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றோம், ஞாபகம் இருக்கிறதா?

பள்ளிக்கூடம் கூடுகிற நேரம். குழந்தைகளை விட வந்த அம்மாக்கள், எட்டரை மணி பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நின்றவர்கள், சைக்கிளை ஸ்டாண்ட் போட்டவர்கள் எல்லாரும் முதலில் கீழே பெயரைத்தான் தேடினார்கள்.

"யாரு வூட்டு விசேஷம்?"

"பேரையே காணமே."

"ஆடு போட்டிருக்குதே, கெடா வெட்டா?"

"புதுசா யாருனா கட்சி ஆரம்பிச்சிருக்கானா?"

கடற்கரைப் பக்கமிருந்து தினமும் மீன் கூடையோடு வரும் அமுதாக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார். பேனரைப் படிக்கவில்லை, படத்தைப் பார்த்தே கொதித்தார். "நான் கூடைய ஏத்துனா நாறுதுன்னு எறக்கி வுடறான் கண்டக்டரு. ஆட்ட மட்டும் சீட்டுல குந்த வெச்சிருக்கான் பாரு."

நீ சுவரை விட்டு மெதுவாக வெளியே வந்தாய். "அது எங்கக்கா போவுது? நீங்க இன்னா நெனைக்கறீங்க?"

அமுதாக்கா யோசிக்கவே இல்லை. "பாண்டிச்சேரிக்கு போவுது. கலெக்டர பாத்து, அந்தக்கா கூடையையும் பஸ்ஸுல ஏத்துங்கன்னு சொல்றதுக்கு போவுது."

"கலெக்டருகிட்ட ஆட்ட எவன் வுடுவான்?" என்றார் சைக்கிள்காரர் ஒருவர். "அது நம்ம ஸ்டாப்புலயே எறங்கிடும். பாகூர் பச்சைய பாத்துட்டு எந்த ஆடு அந்தாண்ட போவும்?" பின்னால் நின்ற ஒரு பெண், டிக்கெட்டைப் பார்த்தால் மடுகரைக்கு எடுத்த மாதிரி இருக்கிறது, அங்கேதான் அதன் நாத்தனார் இருக்கிறாள் என்றாள். நான் வரைந்த டிக்கெட்டில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. அவளுக்குத் தெரிந்தது. பஸ் வந்தது. ஏறவேண்டியவர்களில் பாதிப் பேர் ஏறவில்லை. கண்டக்டர் படியில் நின்று விசில் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு, அவரும் பேனரைப் பார்த்து, "இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்டாரே, அமுதாக்கா விட்டாரா?

குழந்தைகள் எல்லாரும் பையை முதுகில் மாட்டியபடி வாய் பிளந்து நின்றார்கள். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் விடை மாறிச் சண்டை போடுவதை அவர்கள் அதற்குமுன் பார்த்ததில்லை.

செல்வியக்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். நீ அவரிடம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, யாரையும் பார்க்காமல், படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அதுக்கு எங்கயும் போவ வேணாம். ஜன்னலாண்ட குந்திக்கினு போவணும்னு ஆசை. அவ்ளோதான். கடைசி ஸ்டாப்பு வரிக்கும் போயிட்டு அப்டியே திரும்பி வந்துடும்."

காலையிலிருந்து ராத்திரிவரை சமையல், ட்யூஷன், மாமியாருக்கு மருந்து என்று அந்தத் தெருவைத் தாண்டாத மனுஷி அவர். முன்வரிசையிலிருந்து யாழினி திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், சந்தைக்குன்னு எழுத சொன்னீங்களே."

செல்வியக்கா முகம் சிவந்தது. "அது பரிச்சைக்குடி. இது நான் நெனைக்கறது."

சொல்லி முடித்ததும் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. என்னால் அந்த முகத்தை மறக்க முடியாது. நீ ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. தரையில் குந்தி, யாழினியின் உயரத்துக்கு வந்து, "நீ இன்னா நெனைக்கற?" என்றாய். குழந்தை உன்னைப் பார்க்கவில்லை, செல்வியக்காவைப் பார்த்தாள். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சொல்லு" என்றார்.

"அம்மா வூட்டுக்குத்தான்" என்றாள் யாழினி.

அன்று நீ என் தோளில் ஒரு அடி அடித்தாய் பார், வலி போக மூன்று நாள் ஆனது. அடுத்த வாரம் செல்வியக்கா கடைக்கு வந்தார். வினா விடையைக் கேட்கவில்லை. ட்யூஷன் பிள்ளைகளுக்குப் படம் மட்டும் வேண்டும், பின்பக்கம் ஒன்றும் இல்லாமல் என்றார். அந்த ஆட்டு பேனரையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய், மழைக்கு ஒழுகிய தன் ட்யூஷன் கொட்டகைக்குள் கூரையோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ஊரில் எல்லாரும் பழைய பேனரைப் படம் வெளியே தெரியக் கூரைமேல் போடுவார்கள். அவர் படம் உள்ளே தெரியும்படி கட்டினார். நிமிர்ந்தால் ஆடு.

அதன் பிறகு நடந்ததை நான் நீட்டி எழுதப்போவதில்லை. உனக்கு உடம்பு முடியாமல் போனது, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நீ அங்கும் நர்ஸ்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாய். இரண்டாவது புத்தகத்துக்குப் படங்கள் சேர்ந்துகொண்டிருந்தன. கடைசிப் படத்தைக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சொன்னாய். "ஏரிக்கரைல என் வண்டிய வரை. ஹெல்மெட் கண்ணாடில மாட்டி இருக்கட்டும். பக்கத்துல யாரும் வாணாம்."

"கேள்வி?"

"நாளைக்கு சொல்றேன்."

அந்த நாளைக்கு வரவில்லை. உன் கண்ணீர் அஞ்சலி பேனரை நான்தான் போட்டேன். வேறு யாரையும் போட விடவில்லை. உன் வீட்டார் சொன்ன வார்த்தைகளை எல்லாம் போட்டேன், சொந்தக்காரர்கள் பெயர் ஒன்றுகூட விடவில்லை. முடித்துவிட்டு மேஜையில் தலையைச் சாய்த்து அழுதேன். உனக்காக ஜங்ஷனில் ஒரு பஸ்கூட நிற்கவில்லை, ஒரு ஹாரன்கூட ஓயவில்லை. கேள்வியைச் சொல்லாமல் போன உன்மேல் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

இனி நம் புத்தகம் என் கடை ஸ்பைரலோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். அப்போதுதான் டவுனிலிருந்து ஒரு சார் வந்தார். பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் அச்சடித்துக் கொடுக்கிற குழுவைச் சேர்ந்தவர், நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார். பழைய படம், புதுப் படம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே புத்தகமாகப் போட்டு, மதகடிப்பட்டு பக்கத்திலிருந்து பாகூர் பக்கம்வரை உள்ள சின்னப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கொடுக்கலாம் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகு சொன்னார்: "பின்னாடி ஒரு பக்கம் மட்டும் விடை போட்டுடலாம்மா. டீச்சர்களுக்கு உதவியா இருக்கும். கடைசி ஸ்கூட்டி படத்துக்குக் கேள்வியே இல்ல. அதை எடுத்துடலாம்."

நீ போன பிறகு நான் பயந்தது அன்றுதான். வேண்டாம் என்றால் அத்தனை பிள்ளைகள் கைக்கும் ஆடு போகாது. சரி என்றால் போகும், ஆனால் சந்தைக்குப் போகும். உன்னைக் கேட்கவும் முடியாது. செல்வியக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் ட்யூஷன் பிள்ளையின் நோட்டைத் திருத்திக்கொண்டே, "அவர இங்க வர சொல்லு" என்றார்.

சார் வந்தார். செல்வியக்கா அவரைக் கொட்டகைக்குள் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். விஷயம் தெரிந்து அம்மாக்கள் சிலர் வாசலில் நின்றார்கள். அமுதாக்கா கூடையோடு வந்து நின்றார். மோர் கொடுத்தார்கள். சார் குடிக்க அண்ணாந்தார், ஆட்டைப் பார்த்தார், தம்ளரைக் கீழே வைத்தார். செல்வியக்கா கேட்டார்: "அது எங்க சார் போவுது? நீங்க இன்னா நெனைக்கறீங்க?"

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பையன் பெங்களூர்ல இருக்கான்" என்றார். "வரட்டுமான்னு போன்ல கேட்டா பிசிம்பான், அப்புறம் வாங்கம்பான். இந்த ஆடு அப்படிக் கேக்கல. டிக்கெட் எடுத்துட்டுக் கிளம்பிடுச்சு. போய் நின்னு கதவைத் தட்டும்."

செல்வியக்கா பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். "எழுதிக்கறேன் சார். பின் பக்கத்துல விடைன்னு இத போட்டுடலாம்."

"அய்யய்யோ, அது நான் சும்மா நெனச்சதும்மா."

வாசலில் நின்ற அம்மாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கேலியாக இல்லை, நம்மாளுதான் என்று கண்டுபிடித்துவிட்ட சிரிப்பு. சாருக்கும் புரிந்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். மோரைக் குடித்து முடித்துவிட்டு, பின்பக்கம் காலியாகவே இருக்கட்டும் என்றார். "கடைசிப் படம்?" என்றேன். "அதுவும் அப்படியே இருக்கட்டும்" என்றார். எனக்கு உன் தோளில் அந்த அடியைத் திருப்பி அடிக்கவேண்டும்போல் இருந்தது.

அந்தப் புத்தகம்தான் இன்று வந்தது. முதல் கட்டைப் பிரித்து உன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். உன் இடத்துக்கு வந்திருக்கிற சின்னப் பெண் நல்ல மாதிரி. யாழினி இப்போது நாலாவது. சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கம் புரட்டிக் காட்ட அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். கதவு, குடை, பானை, ஆடு எல்லாம் அமர்க்களமாகப் போனது. அந்த ஆடு எங்கே போகிறது என்பதில் ஒன்றாம் வகுப்பில் இன்று நாலு கட்சி.

கடைசிப் பக்கம் வந்தது. ஏரிக்கரை, நீல ஸ்கூட்டி, கண்ணாடியில் ஹெல்மெட், பக்கத்தில் யாரும் இல்லை. சின்னதுகளுக்கு உன்னைத் தெரியாது. யாழினிக்குத் தெரியும். அவள் படத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"கேள்வி எங்க காணம்?" என்றது ஒரு வாண்டு.

"இதுக்கு நாமதான் கேக்கணும்" என்றாள் யாழினி. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பேனர் ஆன்ட்டி, டீச்சர் வண்டிய வுட்டுட்டு எங்க போயிருக்காங்க? நீங்க இன்னா நெனைக்கறீங்க?"

எனக்கு இன்னா தெரியும், நான் பேனர் போடறவ என்று நாக்கு நுனிவரை வந்தது. நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய், ஒரு தடவைகூட நான் சொன்னதில்லை. இன்று சொன்னேன். முழுசாகச் சொன்னேன்.

"பஸ்ஸு பின்னாடி வண்டில தொரத்திக்கினு போனாங்க. ஏரிக்கரைல பெட்ரோல் தீந்துபோச்சு. அடுத்த பஸ்ஸ புடிச்சு ஏறிட்டாங்க. அந்த ஆடு எங்கதான் எறங்குதுன்னு பாக்காம வர மாட்டாங்க."

சின்னதுகள் சிரித்தன. நீ போனதிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடம்கூட நான் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன். கண்ணீர் அஞ்சலிக்கு என்ன வாசகம் போட என்று வருகிறவர்களிடம் பழைய பேனர் வாசகத்தை எடுத்து நீட்டுவதில்லை. "நீங்க இன்னா நெனைக்கறீங்க அவங்கள பத்தி?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்கிறார்கள். கூட்டம் தேங்குகிறது, தேங்கட்டும். என் பேனர்களில் இப்போது கொஞ்சம் காலியிடம் இருக்கிறது. நீ எனக்கு விட்டுப்போனது அதுதான், நான் தூக்கிக்கொண்டு திரிவதும் அதுதான்.

யாழினி மட்டும் சிரிக்கவில்லை. நான் சொன்னதை நியாயமாக யோசித்துப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்ல ஆன்ட்டி. நான் வேற நெனைக்கறேன்."

உன் வகுப்பில், அத்தனை பிள்ளைகள் நடுவில், பெரியவள் ஒருத்தி சொன்ன விடையை அவள் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் உன் யாழினி. "சொல்லு" என்றேன். சொன்னாள்.

என்ன சொன்னாள் என்று உனக்கு எழுதமாட்டேன். நீ இன்னா நெனைக்கற?